தெளிக்காமல் விட்ட பத்து சென்ட்

ஐப்பசியில் முழங்கால் உயரத்துக்கு வந்த மக்காச்சோளத்தின் குருத்தை விரித்தால், ஈர மரத்தூளைக் கொட்டியது போல எச்சம் கிடக்கும். அதை விலக்கினால் தலையில் தலைகீழ் ‘ஒய்’ குறியும், வால் பக்கம் சதுரமாக நான்கு புள்ளியும் கொண்ட படைப்புழு. வேப்பிலை, நொச்சி, ஆடாதொடை, எருக்கு, சோற்றுக்கற்றாழை என்று கோமியத்தில் ஊறப்போட்டு வைத்திருந்த பூச்சிவிரட்டியை வடிகட்டி, டேங்கில் ஊற்றி அடிக்கிறோம். பத்து நாள் கழித்துப் போய்ப் பார்த்தால் குருத்தில் புழு இல்லை. அடித்தோம், போய்விட்டது, இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்று தோன்றும். இந்தச் சாட்சி செல்லாது. செல்லக்கூடிய சாட்சியை ஒரு விவசாயி தன் வயலிலேயே, கைக்காசு அதிகம் போகாமல், உருவாக்கிக்கொள்ள முடியும். எப்படி என்பதுதான் இந்த அத்தியாயம்.

முதலில், அடிக்காமலே விட்டிருந்தால் அந்தப் பத்து நாளில் என்ன நடந்திருக்கும் என்று பாருங்கள். தாய்ப்பூச்சி ஒரு குவியலில் நூறு, இருநூறு முட்டை இடுகிறது. இரண்டு மூன்று நாளில் பொரியும். வெயில் காலத்தில் ஏறக்குறைய இரண்டு மூன்று வாரம் புழுவாக இருந்து, ஆறு பருவங்களைக் கடந்து, பிறகு செடியை விட்டு இறங்கி மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகிவிடும். இந்த வாழ்க்கையில் தீனியின் பெரும்பகுதி கடைசி இரண்டு பருவங்களில்தான். அதுவரை இலையில் கண்ணாடித்தாள் மாதிரி வெள்ளைச் சுரண்டல் மட்டும் இருக்கும்; வரப்பில் நின்று பார்ப்பவர் கண்ணில் படாது. ஓட்டை ஓட்டையாக இலை கிழிந்து, எச்சம் குவிந்து, நாம் பதறி டேங்கைத் தூக்கும் நாளில் புழு ஏறக்குறைய வளர்ந்து முடித்திருக்கிறது. அடுத்த ஒரு வாரத்தில் அது எப்படியும் மண்ணுக்குள் போகப்போகிற புழு. அன்றைக்குப் பச்சைத் தண்ணீரை அடித்திருந்தாலும் பத்தாம் நாள் குருத்து காலியாகத்தான் இருக்கும். சேதம் உச்சத்தில் இருக்கும்போதுதான் மருந்து நினைவுக்கு வருகிறது. உச்சத்துக்கு அடுத்தது இறக்கம்தான். அந்த இறக்கத்துக்கான பாராட்டு, கடைசியாக எதை அடித்தோமோ அதற்குப் போய்ச் சேர்கிறது.

இதோடு முடியவில்லை. வளர்ந்த படைப்புழு தன் இனத்தையே தின்னும். நூறு குஞ்சு பொரிந்த செடியிலும் கடைசியில் ஒரு குருத்துக்கு ஒன்று என்ற அளவில்தான் மிஞ்சும். பலத்த மழை பெய்தால் சின்னப் புழுக்கள் குருத்தில் தேங்கும் நீரில் மூழ்கிச் சாகும். ஈரம் நீடித்தால் ஒரு வகைப் பூஞ்சை புழுவைப் பிடித்து, இலையோடு ஒட்டவைத்து, முதலில் வெள்ளையாகவும் பிறகு வெளிர்பச்சையாகவும் மூடிவிடும். முட்டைக்குள்ளேயே முட்டையிடும் குளவிகள் வேறு. இளம் பயிரும் சும்மா இருப்பதில்லை; இழந்த இலையைப் புது இலையால் ஓரளவு ஈடுகட்டிக்கொள்கிறது. பெரம்பலூர், அரியலூர் கரிசலில் மானாவாரி மக்காச்சோளம் புரட்டாசிப் பட்டத்தில் வளர்வதால், புழு பெருகும் வாரங்களும் வடகிழக்குப் பருவமழை வலுக்கும் வாரங்களும் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. செவ்வாய்க்கிழமை அடித்தோம், வியாழக்கிழமை கொட்டித் தீர்த்தது, திங்கட்கிழமை புழு இல்லை. இதில் யாருக்கு எவ்வளவு கூலி கொடுப்பது?

தப்பு எதிர்ப்பக்கமும் நடக்கும். நன்றாக வேலை செய்த கரைசலை ‘வேஸ்ட்’ என்று தூக்கிப் போடுவதும் உண்டு. வேப்பங்கொட்டைப் பருப்பில் இருக்கும் அசாடிராக்டின் புழுவை உடனே சாகடிக்கும் நஞ்சு இல்லை. தின்னவிடாமல் செய்யும், தோலுரித்துப் பருவம் மாறுவதைக் கெடுக்கும். அடித்த மறுநாள் புழு உயிரோடு நெளிந்துகொண்டிருக்கும், ஆனால் இலையைக் கடிக்காது. செத்த புழுவை எண்ணப் போகிறவர் ஏமாந்து திரும்புவார். 1962இல் டெல்லியில் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த எஸ். பிரதானும் உடன் பணிபுரிந்தவர்களும், வேப்பங்கொட்டைக் கரைசல் தெளித்த பயிரைப் பாலைவன வெட்டுக்கிளிகள் தின்னாமல் விட்டதைப் பதிவு செய்தார்கள். வெட்டுக்கிளிகள் வந்து உட்கார்ந்தன, கடிக்கத்தான் இல்லை. ‘விரட்டி’ என்ற நம் சொல்லே இந்த விஷயத்தில் கொஞ்சம் வழிதவறச் செய்கிறது. விரட்டுவது, தின்னவிடாமல் தடுப்பது, கொல்வது மூன்றும் மூன்று வேலை. நீங்கள் அடிப்பது எந்த வேலையைச் செய்யவேண்டும் என்று முடிவு செய்துகொண்டால்தான் எதை எண்ணுவது என்று தெரியும்.

ஆகவே கேள்வியை மாற்றிக் கேட்கவேண்டும். ‘அடித்த பிறகு புழு குறைந்ததா?’ என்பது பயனில்லாத கேள்வி. ‘அடித்த இடத்தில், அதே நாளில், அதே மழையில், அடிக்காத இடத்தைவிடக் குறைந்ததா?’ என்பதற்குத்தான் விடை உண்டு. மழை, பூஞ்சை, குளவி, புழுவின் வயது எல்லாம் இரண்டு இடத்துக்கும் பொது. பொதுவானதைக் கழித்தால் மிஞ்சுவது கரைசலின் வேலை. இதற்காக வயலில் ஒரு துண்டைத் தெளிக்காமல் விடவேண்டும். பூச்சிவிரட்டியைச் சோதிக்க வேறு குறுக்குவழி இல்லை.

எவ்வளவு விடுவது? ஒரு பார் அடித்து அடுத்த பாரை விட்டால் போதாது. தெளிப்பு காற்றில் பக்கத்துப் பாருக்குப் பறக்கும். அதைவிட முக்கியம், நிஜமாகவே விரட்டுகிற கரைசல் என்றால் பூச்சி அடித்த பாரிலிருந்து அடிக்காத பாருக்கு நகர்ந்துவிடும். அப்போது வித்தியாசம் உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும். முழு வயலுக்கும் அடித்தால் போக வேறிடம் இல்லாமல் பூச்சி அங்கேயே உட்கார்ந்து தின்னும். இரண்டு இலை கிடைக்கும்போது கசக்காத இலையைத் தேர்ந்தெடுப்பது வேறு, கசப்பைத் தவிர வேறு தீனியே இல்லாதபோது பட்டினி கிடப்பது வேறு. அதனால் துண்டு பெரிதாக இருக்கவேண்டும்: அடிப்பது 10 சென்ட், அடிக்காதது 10 சென்ட், இரண்டும் பக்கம் பக்கமாக, ஒரே நாள் ஊன்றிய ஒரே ரகம், ஒரே மண். எண்ணும்போது நான்கு ஓரத்திலும் மூன்று நான்கு வரிசையைத் தள்ளிவிட்டு நடுவிலிருந்து எண்ணவேண்டும். 10 சென்டுக்கு ஏறக்குறைய 20 லிட்டர், அதாவது இரண்டு டேங்க். ஐந்து சத வேப்பங்கொட்டைக் கரைசல் என்றால் அதற்குள் ஒரு கிலோ பருப்பு வேண்டும். இடித்து, கொஞ்சம் தண்ணீரில் ராத்திரி ஊறவைத்து, துணியில் வடிகட்டி, காதி சோப்பைக் கரைத்துச் சேர்த்து, 20 லிட்டராக்கி சாயங்காலம் அடிப்பது. வெயிலின் புறஊதாக் கதிரில் அசாடிராக்டின் சிதைந்துபோகும் என்பதால்தான் சாயங்காலம். பருப்பின் வயதும் கணக்கில் வரும். ஆனி, ஆடியில் பொறுக்கி நிழலில் உலர்த்திய கொட்டை ஐப்பசிக்குப் பதமாக இருக்கும். எட்டு பத்து மாதத்துக்கு மேல் மூட்டையில் கிடந்ததற்கு வீரியம் போயிருக்கும். போன வருடத்துக் கொட்டையை அடித்துவிட்டு வேம்பைக் குறை சொல்வது நியாயமில்லை.

எந்தத் துண்டுக்கு அடிப்பது என்பதை உங்கள் கண் தீர்மானிக்கக் கூடாது. நம்பிக்கை உள்ளவர் தன்னையறியாமல் செழிப்பான துண்டுக்கு அடிப்பார். பயந்தவர் புழு அதிகமுள்ள துண்டுக்கு அடிப்பார். இரண்டும் கணக்கைக் கெடுக்கும். நாணயத்தைச் சுண்டுங்கள்: பூ விழுந்தால் கிழக்குத் துண்டு, தலை விழுந்தால் மேற்கு. விளையாட்டு போலத் தோன்றும் இந்தக் காரியத்தை வேளாண் சோதனைக்கு அடிப்படை விதியாக்கியவர் ரொனால்ட் ஃபிஷர். 1919 முதல் இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் பண்ணையில் வேலை பார்த்தபோது, பாத்திக்குப் பாத்தி மண் மாறுவதால் வரும் ஏமாற்றத்திலிருந்து தப்ப அவர் கண்ட வழி இது. நூறு வருடம் கழித்தும் இதைவிட மலிவான வழி வரவில்லை.

சோப்பையும் கொஞ்சம் சந்தேகிக்கவேண்டும். அசுவினி, இலைப்பேன் போன்ற மெல்லிய உடல் பூச்சிகளைச் சோப்புத் தண்ணீரே கொல்லும். இத்தனை இலையைத் தேடி அலைந்து, இடித்து, வாரக்கணக்கில் ஊறவைத்த கரைசலின் பலன் முழுவதும் கடைசியில் சேர்த்த நூறு கிராம் சோப்பிலிருந்து வந்திருக்கலாம். அடிக்காத துண்டு என்பதை ‘சோப்புத் தண்ணீர் மட்டும் அடித்த துண்டு’ என்று மாற்றினால் இலைகளின் தனிப் பங்கு தெரிந்துவிடும். இடமும் ஆளும் இருந்தால் ஒன்றும் அடிக்காதது, சோப்புத் தண்ணீர், கரைசல் என்று மூன்று துண்டு வைப்பது நல்லது. முடியாவிட்டால் சோப்புத் தண்ணீருக்கே முதலிடம் தருவேன்.

இனி எண்ணிக்கை. ஒவ்வொரு துண்டிலும் ஐந்து இடம், இடத்துக்கு அடுத்தடுத்த 10 செடி, ஆக 50. அடிப்பதற்கு முன் ஒரு முறை, பிறகு 3, 7, 14ஆம் நாட்களில். மக்காச்சோளத்தில் பழைய ஓட்டையை எண்ணாதீர்கள். இலையில் விழுந்த ஓட்டை ஆறாது, அறுவடை வரை நிற்கும். குருத்திலிருந்து புதிதாக வெளிவரும் இலை சேதமில்லாமல் வருகிறதா, குருத்தில் ஈரமான புது எச்சம் இருக்கிறதா என்பது மட்டும் கணக்கு. கரைசல் அடித்தவரே எண்ணவும் கூடாது. துண்டுகளுக்கு 1, 2 என்று குச்சி நட்டு, எது எதுவென்று தெரியாத பக்கத்து வயல்காரரை எண்ணச் சொல்லுங்கள். கோமிய வாடை மூன்றாம் நாளும் காட்டிக்கொடுக்கும் என்றால் ஏழாம் நாள் எண்ணிக்கையைப் பெரிதாக எடுத்துக்கொள்ளலாம். கண் பொய் சொல்லாது என்பார்கள். ஆசைப்பட்ட கண் சொல்லும்.

கணக்கை ஓர் உதாரணத்தில் போட்டுப் பார்ப்போம். அடித்த துண்டில் 50 செடிக்கு 30 செடியில் புது எச்சம் இருந்தது; ஏழாம் நாள் 12. ‘அறுபது சதம் கட்டுப்பாடு’ என்று சொல்லிவிடலாம் போலிருக்கும். அடிக்காத துண்டிலும் 30தான் இருந்தது. ஏழாம் நாள் 15. அப்படியென்றால் அடிக்காமலே 15ஆக இறங்கியிருக்கும். கரைசலின் பங்கு அந்த 15ஐ 12 ஆக்கியது மட்டுமே: 15இல் 3, அதாவது 20 சதம். 1925இல் அமெரிக்கப் பூச்சியியலாளர் டபிள்யூ. எஸ். அப்பாட் எழுதிவைத்த கணக்கு இதுதான். இன்றும் ஆய்வுக்கூடங்களில் அவர் பெயரால் போடுகிறார்கள். அடித்த துண்டில் குறைந்த 18 செடியில் 15, மழைக்கும் பூஞ்சைக்கும் புழுவின் வயதுக்கும் சேரவேண்டியது. தொடக்கத்தில் இரண்டு துண்டிலும் எண்ணிக்கை வேறாக இருந்தால், அடிக்காத துண்டு எந்த விகிதத்தில் இறங்கியதோ அதே விகிதத்தில் அடித்த துண்டும் இறங்கியிருக்கும் என்று வைத்து, அந்த எதிர்பார்ப்போடு ஒப்பிடவேண்டும்.

ஒரு வயலில் ஒரு ஜோடித் துண்டு மட்டும் வைத்து ஜெயித்தால் அது நாணயம் ஒரு முறை விழுந்த மாதிரி. பாதிக்குப் பாதி வாய்ப்பு. இங்கே தனி ஆளைவிட ஊர் வலுவானது. ஆலத்தூரிலோ வேப்பூரிலோ செந்துறையிலோ ஒரே பட்டத்தில் ஊன்றிய ஆறு பேர், ஆளுக்கு ஒரு ஜோடி வைத்தால் ஆறு ஜோடி கிடைக்கும். கரைசலில் சரக்கே இல்லை என்றால் ஆறிலும் அடித்த துண்டே முந்துவதற்கு 64இல் ஒரு வாய்ப்புதான். ஆறில் ஐந்து அல்லது அதற்கு மேல் முந்துவது 64இல் 7; அதாவது ஒன்பது ஊரில் இப்படிச் செய்தால் ஓர் ஊரில் வெறும் அதிர்ஷ்டத்திலேயே நடந்துவிடும். ஆறுக்கு ஆறு வந்தால் நம்பலாம், ஐந்து வந்தால் அடுத்த பட்டத்திலும் பார்க்கலாம், நான்கு மூன்று என்றால் தைரியமாக விட்டுவிடலாம்.

‘எங்கள் தாத்தா காலத்திலிருந்து அடிக்கிறோம், அதைவிடவா உங்கள் பத்து சென்ட்?’ என்று கேட்பவர்களுக்குச் சொல்ல ஒரு விஷயம் இருக்கிறது. படைப்புழு அமெரிக்கக் கண்டத்தில் பிறந்து, 2016இல் ஆப்பிரிக்காவில் தெரியவந்து, 2018 மே மாதம் கர்நாடகத்தின் சிவமொக்காவில் இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. அந்த ஆண்டுப் பட்டத்திலேயே பெரம்பலூர், அரியலூர் மக்காச்சோளத்தைச் சூறையாடியது. தாத்தா இந்தப் புழுவைக் கண்ணால் பார்த்ததில்லை. அவருடைய அனுபவம் வேறு பூச்சிகளைப் பற்றியது. அந்தப் பூச்சிகளுக்கு அது சரியாகவே இருந்திருக்கலாம். ஆடு தொடாத இலை, ஒடித்தால் பால் வடியும் இலை, கசக்கும் இலை என்று பூச்சிவிரட்டிக்கு இலை பறிக்கும் விதியும் இப்படித்தான். தொடங்குவதற்கு நல்ல ஊகம், தீர்ப்பு ஆகாது. ஆட்டின் நாக்கு வேறு, பூச்சியின் நாக்கு வேறு. ஆடு ஒதுக்கும் எருக்கை வண்ண வெட்டுக்கிளி வழித்துத் தின்கிறது. புகையிலைப் புழு பெயருக்கேற்பப் புகையிலையையே தின்று வளர்கிறது. ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கத்து முந்திரியில் துளிரைக் கருக்கும் தேயிலைக் கொசு, வேப்பமரத்தின் துளிரையும் உறிஞ்சிக் கருக்குகிறது. வேப்பந்துளிரிலேயே குடியிருக்கும் பூச்சி வேப்பிலைச் சாற்றுக்கு ஓடும் என்று முன்கூட்டியே எப்படி நம்புவது? ஓடாது என்றும் முன்கூட்டியே சொல்லிவிட முடியாது. இலையில் இருப்பதும் கொட்டைப் பருப்பில் இருப்பதும் ஒரே அளவு இல்லை. துளிர்விடும் பருவத்தில் ஆறு ஜோடி மரத்தில் பார்த்துவிட்டால் வாதம் தேவையில்லை.

இரண்டாவது ஆட்சேபம் கனமானது. தெளிக்காமல் விட்ட துண்டில் புழு பெருகி முழு வயலையும் அழித்துவிட்டால்? படைப்புழுவின் தாய்ப்பூச்சி காற்றோடு ஒரே இரவில் நூறு கிலோமீட்டர் பறக்கக்கூடியது. உங்கள் 10 சென்ட்டிலிருந்து புறப்பட்டுத்தான் வரவேண்டும் என்பதில்லை. ஆனாலும் இழப்பு இழப்புதான். அதற்கு முன்பே ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள்: ஏழாம் நாள் 50இல் இத்தனை செடியைத் தாண்டினால் சோதனையை நிறுத்திவிட்டு, வேளாண் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் மருந்தை இரண்டு துண்டுக்கும் அடிப்பது என்று. அந்தக் கோட்டைத் தொட்டதும் ஒரு விடைதானே. ஒன்றும் செய்யாத கரைசலை நம்பி ஐந்து ஏக்கரைத் திறந்து போடுவதைவிட 10 சென்ட்டில் தோற்பது மலிவு.

இயற்கை விவசாயிகளிடமிருந்து வரும் மறுப்பு வேறு மாதிரி. ஒரு கரைசலைத் தனியாகப் பிரித்துச் சோதிப்பதே தவறு, மண், ஊடுபயிர், வரப்பில் தட்டைப்பயறு, நன்மை செய்யும் பூச்சி எல்லாம் சேர்ந்த முறை இது என்பார்கள். நியாயமான பேச்சு. முறை முழுவதையும் மதிப்பிட வயலுக்கு வயல், வருடத்துக்கு வருடம் ஒப்பிடத்தான் வேண்டும். ஆனால் அதே வாயால் ‘இந்தக் கரைசலை அடித்தால் படைப்புழு போய்விடும்’ என்று சொல்லக்கூடாது. அப்படிச் சொன்ன கணத்தில் அது தனியாகச் சோதிக்கக்கூடிய பேச்சாகிவிடுகிறது. செலவே இல்லை என்பதும் சரியில்லை. இலை பறிக்கும் கூலி, இடிக்கும் கூலி, வடிகட்டும் நேரம், அடைப்பெடுத்த நாசில் எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள். புகையிலையும் ஊமத்தையும் சேர்த்துக் காய்ச்சும் கரைசல்களில் மனித உடம்புக்கும் நஞ்சுண்டு. நிகோடின் தோல் வழியாகவே ஏறும். இயற்கை என்பதால் வெறுங்கையால் கலக்கலாம் என்று நினைக்கவேண்டாம்.

பலித்தவர் டீக்கடையில் பேசுவார்; பலிக்காதவர் பேசாமல் மருந்துக்கடைக்குப் போவார். ஊரில் நாம் கேட்கும் பத்து சாட்சியும் ஒரே பக்கம் சாய்ந்திருப்பதற்கு இது போதும். மருந்துக்கடையில் கொடுக்கும் டப்பாவுக்கும் இதே அளவுகோல்தான். அதை அடித்த பிறகும் புழு மண்ணுக்குள் போகத்தான் போகிறது, மழையும் பெய்யத்தான் போகிறது. கடைக்காரர் சேர்த்து அடிக்கச் சொல்லும் இரண்டாவது, மூன்றாவது பாட்டிலுக்கு ஒரு ஜோடித் துண்டு வைத்துப் பார்த்தால் கூட்டுச் செலவில் எது வீண் என்று தெரியவரும்.

செட்டிகுளம் பக்கத்துச் சின்ன வெங்காயத்தில் சோதிப்பவர்கள் ஒன்றை மாற்றிக்கொள்ளவேண்டும். இலைப்பேன் இலையிடுக்கில் ஒளிந்திருக்கும். வெள்ளைக் கீறலை எண்ணுவது பழைய ஓட்டையை எண்ணுவது போலத்தான். செடியை வெள்ளைத்தாள்மேல் சாய்த்து மூன்று தட்டு தட்டி, விழுந்து ஓடுவதை எண்ணுங்கள், காலையிலேயே. மழை இலைப்பேனைக் கழுவிவிடும் என்பதால் அடித்த நாளோடு மழை நாளையும் நோட்டில் குறிக்கவேண்டும்.

மக்காச்சோளத்தில் கடைசி எண்ணிக்கை தராசில். இரண்டு துண்டின் கதிரையும் தனித்தனிச் சாக்கில் கட்டி, உலர்ந்தபின் எடை போடுங்கள். இலையில் பெரிய வித்தியாசம் தெரிந்தும் எடையில் ஒன்றும் இல்லை என்றால், பயிர் தானே ஈடுகட்டிக்கொண்டது. அந்தப் பருவத்தில் எதையும் அடித்திருக்கவே வேண்டாம். ஆறு பேரின் நோட்டையும் எடுத்துக்கொண்டு பெரம்பலூர்க்காரர்கள் வாலிகண்டபுரம் வேளாண் அறிவியல் நிலையத்துக்கும், அரியலூர்க்காரர்கள் சோழமாதேவிக்கும் போகலாம். பருத்தி என்றால் வேப்பந்தட்டையில் பருத்தி ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. ‘அடித்தோம், போய்விட்டது’ என்று சொன்னால் கேட்டுக்கொள்வார்கள். துண்டுவாரியாக எண்ணிக்கையும், சுண்டிய நாணயத்தின் முடிவும், மழை நாளும், எடையும் எழுதிய நோட்டை நீட்டினால் உட்காரச் சொல்வார்கள்.